கணினிக் கேள்வி – பதில்: இரண்டு மொழிக் கெர்னலைச் சோதிப்பது யார்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் சி மொழிக்குப் பக்கத்தில் ரஸ்ட் மொழியும் இடம்பெற்றிருப்பது குறித்துச் சென்ற இதழில் எழுதிய சிறு பதிலுக்கு, குமரி மாவட்டத்து வாசகர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி வருகின்றன. இரண்டு மொழிகளில் எழுதப்படும் ஒரு கெர்னலை யார் சோதிப்பது, எந்த நேரத்தில் சோதிப்பது, பிழை தென்பட்டால் அது யாருடைய பொறுப்பு என்பதே அது. நாகர்கோவிலில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாகக் கெர்னலை மூல நிரலிலிருந்து கட்டிப் பார்த்துவருபவன் என்ற முறையில் எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நிரலை இயந்திர மொழியாக்கும் ரஸ்ட் கம்பைலரே நினைவகப் பிழைகளைப் பிடித்துவிடும் என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். அப்படியானால் ரஸ்டில் எழுதிய பகுதிகளுக்குத் தனியே சோதனை எதற்கு?
– பொறியியல் மாணவி, தக்கலை

உங்கள் ஆசிரியர் சொன்னது சரியே; அந்த உறுதிமொழி எதுவரை செல்லும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். விடுவிக்கப்பட்ட நினைவகத்தை மறுபடி தொடுவது, தரவு வரிசையான அணியின் எல்லை தாண்டி எழுதுவது, ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு செயல் இழைகள் பூட்டில்லாமல் ஒரே தரவை மாற்றுவது ஆகிய மூன்று வகைப் பிழைகளும் சாதாரண ரஸ்ட் நிரலில் நுழைய முடியாதபடி அந்த மொழி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இதன் பயன் சிறியதன்று. ஆண்ட்ராய்டில் புதிய நிரல்களை இத்தகைய பாதுகாப்புள்ள மொழிகளில் எழுதத் தொடங்கிய பிறகு, அதன் பாதுகாப்புக் குறைபாடுகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019-இல் இருந்த 76 சதவீதத்திலிருந்து 2024-இல் 24 சதவீதமாகக் குறைந்தது என்று கூகுள் வெளியிட்ட கணக்கு சொல்கிறது.

ஆனால் கெர்னலுக்குள் ரஸ்ட் தனித்து வாழவில்லை. அது பூட்டுகளையும் நினைவகத்தையும் கருவிப் பதிவேடுகளையும் (கருவிக்குள் எண்கள் எழுதப்படும் இடங்கள்) சி செயற்கூறுகளின் வழியாகவே பெறுகிறது. சி பக்கத்துக்குக் கைநீட்டும் ஒவ்வோர் இடத்திலும் 'அன்சேஃப்' என்று குறித்த ஒரு பகுதி தேவைப்படுகிறது. "இந்த இடத்தில் விதிகள் காக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு நான் பொறுப்பு" என்று நிரலாளர் கம்பைலருக்குக் கொடுக்கும் வாக்குதான் அந்தச் சொல். அந்த வாக்கு ஏன் உண்மை என்பதை மேலே ஒரு குறிப்பாக எழுதிவைப்பது கெர்னலின் வழக்கம். அந்தக் குறிப்பைக் கம்பைலர் படிப்பதில்லை, மனிதர்கள்தான் படிக்கிறார்கள்.

குறிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் 2025 டிசம்பரில் கிடைத்தது. ஆண்ட்ராய்டில் நிரல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் 'பைண்டர்' டிரைவர் ரஸ்டில் மீண்டும் எழுதப்பட்டு கெர்னலின் 6.18 பதிப்பில் சேர்ந்திருந்தது. அதில் கண்டறியப்பட்ட ஒரு குறைபாட்டுக்கு, பாதுகாப்புக் குறைபாடுகளின் பொதுப் பதிவான சிவிஇயில், சிவிஇ-2025-68260 என்ற எண் வழங்கப்பட்டது; கெர்னலின் ரஸ்ட் நிரலுக்கு வழங்கப்பட்ட முதல் சிவிஇ எண் அது. ஒரு பட்டியலிலிருந்து உறுப்பை நீக்கும் அன்சேஃப் வரியின் மேலே, "இந்த உறுப்பு இந்தப் பட்டியலில் இருக்கும், அல்லது எதிலும் இராது" என்ற பொருளில் நியாயம் எழுதப்பட்டிருந்தது. அதே டிரைவரின் இன்னோர் இடத்தில், பூட்டை விடுவதற்கு முன்பு உறுப்புகள் அனைத்தும் ஒரு தற்காலிகப் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, பூட்டை விட்ட பின்பு ஒவ்வொன்றாகக் கையாளப்பட்டன. அந்த இடைவெளியில் இன்னோர் இழை நுழைந்து நீக்க முயன்றால், உறுப்புகளை இணைக்கும் முன்பின் சுட்டிகள் சிதைந்து கெர்னல் விழுந்துவிடும். தனித்தனியே படித்தால் இரண்டு இடங்களும் சரியாகவே தோன்றும். சேர்த்து, அதுவும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனைதான் இப்படிப்பட்ட பிழையை வெளியே கொண்டுவரும்.

அன்சேஃப் இல்லாத இடங்களிலும் வேலை மிச்சமிருக்கிறது. இரண்டு பூட்டுகளை மாறிய வரிசையில் எடுத்து இரு இழைகளும் ஒன்றுக்கொன்று காத்துக் கிடப்பதை ரஸ்ட் தடுப்பதில்லை. அணியின் எல்லையைத் தாண்டினால் தரவைச் சிதைக்காமல் ரஸ்ட் நின்றுவிடும். கெர்னலில் அப்படி நிற்பதென்றால் பயனருக்கு இயந்திரமே நின்றுபோகலாம். கருவியின் பதிவேட்டில் எந்த எண்ணை முதலில் எழுத வேண்டும் என்பது எந்தக் கம்பைலருக்கும் தெரியாது. சுருக்கமாகச் சொன்னால், ரஸ்டில் எழுதிய பகுதிக்குச் சில வகைச் சோதனைகள் குறைகின்றன. எல்லையில் செய்ய வேண்டிய சோதனைகளோ கூடுகின்றன.

எங்கள் குடும்பத்தின் பழைய நிலப் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கின்றன. 1956-க்குப் பிந்தியவை தமிழில். இரண்டும் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருந்ததால் சிக்கல் எதுவும் வந்ததில்லை. அதுபோலக் கெர்னலிலும் இரண்டு மொழியும் அறிந்த ஒரு குழு எல்லாவற்றையும் சோதித்துவிட முடியாதா? சி பகுதியை மட்டும் எழுதுபவர் ரஸ்ட் பகுதியையும் சோதிக்க வேண்டும் என்பது நியாயமா?
– மென்பொருள் பணியாளர், மார்த்தாண்டம்

விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் பலர் வீட்டுப் பெட்டியில் அப்படிப்பட்ட பத்திரங்கள் இருக்கும். உங்கள் ஒப்புமை எனக்கு உடனே விளங்கியது. ஆனால் பத்திரம் எழுதி முடிந்த ஆவணம். கெர்னல் எழுதி முடியாதது. 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒரு பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. நீங்கள் சொல்லும் குழு உண்மையிலேயே இருக்கிறது. மிகெல் ஒஹேடா தலைமையில் அவர்கள் செய்த வேலையால்தான் 2022 டிசம்பரில் வெளிவந்த 6.1 பதிப்பில் ரஸ்டுக்கான அடித்தளம் சேர்ந்தது. ஆயினும் கோப்பு முறைமை, பிணையம், வரைகலை, நினைவகம் என்று ஒவ்வொரு துணையமைப்புக்கும் எழுதப்படாத விதிகள் உண்டு. அவை அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர்களின் தலைக்குள் இருக்கின்றன. இரண்டு மொழி தெரிந்திருப்பதனால் அந்த விதிகளும் தெரிந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

சி பக்கத்தில் நடக்கும் ஒரு மாற்றம் ரஸ்ட் பக்கத்தை இரண்டு விதமாக உடைக்கலாம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதில் புரியும். முதல் விதம் சத்தத்தோடு உடைவது. சி செயற்கூறு ஒன்றில் ஓர் உள்ளீடு கூடுகிறது அல்லது அதன் வகை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'பைண்ட்ஜென்' என்னும் கருவி ஒவ்வொரு முறை கெர்னலைக் கட்டும்போதும் சி தலைப்புக் கோப்புகளைப் படித்து ரஸ்ட் அறிவிப்புகளை உருவாக்குவதால், பழைய வடிவில் அழைக்கும் ரஸ்ட் வரி அந்த இடத்திலேயே கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். இது எரிச்சலூட்டும், ஆனால் ஆபத்தானதன்று. ரஸ்டை இயக்கிவைத்து ஒருமுறை கட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது விதம் ஓசையின்றி உடைவது. செயற்கூறின் வடிவம் மாறுவதில்லை. அதன் ஒப்பந்தம் மாறுகிறது. இதுவரை காத்திருக்காமல் திரும்பிய செயற்கூறு இனிமேல் சில வேளைகளில் தூங்கக்கூடும். இதுவரை தோல்வியின்போது தானே நினைவகத்தை விடுவித்த செயற்கூறு இனிமேல் அந்த வேலையை அழைத்தவரிடம் விட்டுவிடும். சி பராமரிப்பாளர் தம் செயற்கூறை அழைக்கும் சி வரிகளை எல்லாம் தேடிக் கண்டுபிடித்து ஒரே பேட்சில், அதாவது ஒரே திருத்தத் தொகுப்பில், திருத்திவிடுவார். ரஸ்ட் பக்கத்தில் அந்தப் பழைய ஒப்பந்தத்தை நம்பி எழுதிய அன்சேஃப் குறிப்பு அப்படியே இருக்கும். எல்லாம் சுத்தமாகக் கம்பைலும் ஆகும். கோதையாறு பாசனத்தில் தலைமடையில் மதகை இறக்குபவர் கண்ணுக்குக் கடைமடை வயல் தெரிவதில்லை. பயிர் வாடிய பிறகுதான் சேதி மேலே போகிறது. ஓசையின்றி உடையும் மாற்றங்களும் அவ்வாறே. இவற்றுக்கு ஓடவிட்டுப் பார்க்கும் சோதனைகள் வேண்டும். அதற்கும் முன்பாக, ஒப்பந்தம் மாறும் செய்தி கடைமடைக்குச் சொல்லப்பட வேண்டும்.

இந்தச் செய்தியை யார் யாருக்குச் சொல்வது என்பதில்தான் கடும் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. 2024 மே மாதம் நடந்த கோப்பு முறைமைப் பராமரிப்பாளர் கூட்டத்தில், சி பக்கத்தை மாற்றினால் ரஸ்ட் இடைமுகங்களை யார் திருத்துவது என்று காரசாரமான விவாதம் நடந்தது. 2025 தொடக்கத்தில், கருவிகள் நினைவகத்தை நேரடியாக அணுக உதவும் டிஎம்ஏ இடைமுகத்தை ரஸ்டிலிருந்து பயன்படுத்துவது குறித்து அதைவிடப் பெரிய சர்ச்சை வந்தது. அப்போது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தெரிவித்த நிலைப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. ரஸ்ட் வேண்டாம் என்று நினைக்கும் பராமரிப்பாளர் அதைத் தொடாமல் இருந்துகொள்ளலாம். ஆனால் தமது செயற்கூறுகளை வெளியே வேறு எவரும் ரஸ்டிலிருந்து அழைக்கக் கூடாது என்று தடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. அந்த டிஎம்ஏ இடைமுகத்துக்குப் பராமரிப்பாளர் பட்டியலில் தனிப் பதிவும் தனிப் பொறுப்பாளர்களும் ஏற்பட்டார்கள். இப்போது சி பக்கத்தில் மாற்றம் செய்பவர் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்குப் பெயரோடு பதில் இருக்கிறது. ஒருங்கிணைப்பு என்ற பெரிய சொல்லின் முதல் படி இதுதான் என்று நான் கருதுகிறேன்.

பொறுப்பைப் பற்றி எழுதிவைத்த கொள்கையும் இருக்கிறது. கெர்னலின் பொது விதிப்படி, கட்டுமானத்தை உடைக்கும் என்று தெரிந்த மாற்றத்தைச் சேர்க்கக் கூடாது. ரஸ்ட் பகுதியும் இதில் அடங்கும். விதிவிலக்காக, ஒரு துணையமைப்பு விரும்பினால் ரஸ்ட் பகுதி தற்காலிகமாக உடைவதை அனுமதிக்கலாம். ஆனால் கூடியவரை அந்த உடைவு லினஸின் மூல நிரல் களஞ்சியத்தை எட்டுவதற்கு முன்பே சரிசெய்யப்பட வேண்டும். வட்டு முதலியவற்றைக் கையாளும் பிளாக் துணையமைப்பு இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. அவசரத் திருத்தம் ஒன்றைச் செய்யும் சி பராமரிப்பாளரை, தமக்குத் தெரியாத மொழிக்காகக் காத்திருக்க வைக்கக் கூடாது என்பது இதன் நோக்கம். நோக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் 'தற்காலிகம்' என்பதற்கு எல்லோரும் அறிந்த ஒரு கெடு இருக்க வேண்டும். கெடு இல்லாத தற்காலிகம் சில பதிப்புகளுக்குள் வழக்கமாகிவிடும்.

இனி, எந்த நேரத்தில் சோதிப்பது என்ற பகுதி. ஒரு பராமரிப்பாளரின் களஞ்சியத்தில் சி செயற்கூறு மாறுகிறது. வேறொருவருடைய களஞ்சியத்தில், அதே வாரத்தில், அந்தச் செயற்கூறைப் பழைய வடிவில் அழைக்கும் புதிய ரஸ்ட் டிரைவர் சேர்கிறது. இரண்டு களஞ்சியங்களும் தனித்தனியே பழுதின்றிக் கட்டப்படும். இரண்டையும் இணைக்கும்போதுதான் உடையும். இதற்காகவே 'லினக்ஸ்-நெக்ஸ்ட்' என்ற ஒருங்கிணைப்புக் களஞ்சியம் இருக்கிறது. அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்கும் மாற்றங்கள் அதில் ஒன்றுகூட்டப்படுகின்றன. புதிய மாற்றங்களை லினஸ் ஏற்கும் இணைப்புக் காலம் இரண்டே வாரம். அந்த இரண்டு வாரங்களில் நூற்றுக்கணக்கான வேண்டுகோள்கள் குவியும்போது உடைவைக் கண்டுபிடிப்பதைவிட, அதற்கு முந்தைய வாரங்களில், ரஸ்டை இயக்கிவைத்த அமைப்பில் லினக்ஸ்-நெக்ஸ்டைக் கட்டிப் பார்ப்பதே எல்லோருக்கும் நல்லது.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: சி பராமரிப்பாளர் ரஸ்ட் எழுத வேண்டும் என்பது நியாயமில்லை. தம் மாற்றத்தை ரஸ்டை இயக்கிவைத்து ஒரேயொரு முறை கட்டிப் பார்க்க வேண்டும், ஒப்பந்தம் மாறினால் பட்டியலில் பெயருள்ளவருக்குச் சொல்ல வேண்டும் என்பது நியாயம். பெயர் கொடுத்தவர் சில நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டுமே தவிர வாரக்கணக்கில் தாமதிக்கக் கூடாது என்பதும் அதே அளவு நியாயம்.

எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வோர் இரவும் கெர்னலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறோம். பல மாதங்களாக எல்லாம் வெற்றி என்றே காட்டுகிறது. ரஸ்ட் பகுதியும் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாமா?
– கணினித் துறை ஆசிரியர், நாகர்கோவில்

பார்த்து உறுதிசெய்யும்வரை கொள்ளக் கூடாது. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுவே என்பேன்.

கெர்னலில் எவையெவை சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பில் ரஸ்டை இயக்கும் தேர்வு, தேவையான கருவிகள் கணினியில் இருந்தால் மட்டுமே கண்ணில் படும். ரஸ்ட் கம்பைலர் இல்லை, பைண்ட்ஜென் இல்லை, பதிப்பு பொருந்தவில்லை, ரஸ்ட் அடிப்படை நூலகத்தின் மூல நிரல் நிறுவப்படவில்லை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தால் போதும். அந்தத் தேர்வு பிழைச் செய்தி எதுவும் இன்றி மறைந்துவிடும். கெர்னல் சி பகுதிகளோடு மட்டும் கட்டப்பட்டு, வெற்றி என்று அறிவிக்கும். வேறு தேர்வுகளோடு ஒத்துப்போகாததாலும் இது நடக்கும். கூடுதல் நிரல்கூறுகள் கெர்னலோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் 'மாட்வெர்ஷன்ஸ்' என்ற தேர்வு இயங்கினால் ரஸ்ட் இயங்காது என்ற நிலை 2025 மார்ச்சில் வந்த 6.14-இல்தான் மாறியது. அதற்கு முன், எல்லாவற்றையும் இயக்கிவிடும் என்று நாம் நம்பிய 'ஆல்மாட்கான்ஃபிக்' அமைப்பிலேயே ரஸ்ட் அணைந்துதான் இருந்தது. எல்லாம் அடங்கியது என்று பெயருள்ள ஒரு சோதனையில் ஒரு முழு மொழியே அடங்கவில்லை.

எனக்கே இது நேர்ந்தது. புதிய மடிக்கணினி ஒன்றில் நூலக மூல நிரலை நிறுவ மறந்துவிட்டேன். ஒரு வாரம் முழுவதும் ரஸ்ட் மாதிரி நிரல்களைச் சோதித்துவிட்டதாக நம்பி, ஒரு பேட்சுக்கு "சோதித்தேன்" என்று பெயரும் கொடுத்துவிட்டேன். வேறொருவர் அதே பேட்ச் தம்மிடம் கம்பைல் ஆகவில்லை என்று எழுதிய பிறகுதான் என் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ரஸ்ட் என்ற வரியே அதில் இல்லை. கொடுத்த பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து என் இரவுச் சோதனை கெர்னலைக் கட்டுவதற்கு முன்பு அமைப்புக் கோப்பில் 'கான்ஃபிக்_ரஸ்ட்' இயங்குகிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் தோல்வி என்று அறிவித்து அங்கேயே நின்றுவிடுகிறது. ரஸ்ட் ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்வதற்கென்றே கட்டுமானக் கட்டளைகள் அடங்கிய கெர்னலின் மேக் கோப்பில் 'ரஸ்ட்அவெய்லபிள்' என்ற இலக்கு இருக்கிறது. அதை ஓடவிட்டால் எந்தக் கருவி குறைகிறது என்று தெளிவாகச் சொல்லிவிடும்.

இதற்கு அடுத்த படியிலும் கவனம் வேண்டும். கெர்னலின் சோதனை முடிவு வடிவத்தில், தவிர்க்கப்பட்ட சோதனையின் வரியும் 'ஓகே' என்றே தொடங்கி, பின்னால் 'ஸ்கிப்' என்ற குறிப்பைத் தாங்கி வரும். 'ஓகே' என்ற சொல்லை மட்டும் எண்ணும் நிரலுக்குத் தவிர்க்கப்பட்டதும் தேறியதும் ஒன்றாகவே தெரியும். ஆகவே எத்தனை சோதனைகள் தேறின என்பதோடு, நேற்று எத்தனை ஓடின, இன்று எத்தனை ஓடின என்பதையும் ஒப்பிடுங்கள். நேற்று ஓடிய ஒரு தொகுதி இன்று காணாமல் போயிருந்தால், தோல்வி எதுவும் இல்லாவிட்டாலும் அதைத் தோல்வி என்றே கொள்ளுங்கள்.

மேலும் ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். ரஸ்ட் ஆவண விளக்கங்களுக்குள் எழுதப்படும் எடுத்துக்காட்டுகள் 6.6 பதிப்பிலிருந்து கெர்னலின் 'கேயூனிட்' சோதனைகளாகத் தாமே மாற்றப்பட்டு, கெர்னலுக்குள்ளேயே ஓடுகின்றன. கேயூனிட், சி பகுதிகளுக்காக 5.5 பதிப்பில் வந்த சட்டகம். ரஸ்ட் சோதனைகளுக்கெனத் தனிக் கருவி ஒன்றை உருவாக்காமல் அதே சட்டகத்துக்குள் அவற்றைக் கொண்டுவந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். சி சோதனையை ஓட்டத் தெரிந்தவருக்கு ரஸ்ட் சோதனையையும் ஓட்டத் தெரியும். முடிவும் ஒரே வடிவில் வருகிறது. உங்கள் இரவுச் சோதனையில் இதை அவசியம் சேருங்கள். கூடவே, எண் தன் கொள்ளளவை மீறும் பெருக்கெடுப்பைப் பிடிக்கும் ரஸ்ட் தேர்வையும், பூட்டு வரிசையைக் கண்காணிக்கும் 'லாக்டெப்' வசதியையும் இயக்கிவையுங்கள். லாக்டெப் ரஸ்ட் பூட்டுகளையும் கண்காணிக்கிறது.

ரஸ்ட் கம்பைலர் அடிக்கடி மாறுகிறதே. எந்தப் பதிப்பை வைத்துச் சோதிப்பது?
– வாசகர், குலசேகரம்

ரஸ்ட் 6 வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஆகவே ஒரு கெர்னல் பதிப்பு உருவாகும் காலத்துக்குள் குறைந்தது ஒரு ரஸ்ட் பதிப்பாவது வந்துவிடும். கெர்னல் 6.1 ரஸ்ட் 1.62.0 என்ற ஒற்றைப் பதிப்பையே ஆதரித்தது. அதன்பின் பல பதிப்புகள்வரை, குறித்த கெர்னலுக்குக் குறித்த கம்பைலர் என்பதே நிலை. 2024 செப்டம்பரில் வந்த 6.11-இல்தான் 1.78.0-உம் அதற்கு மேற்பட்டவையும் ஏற்கப்படும் என்று குறைந்தபட்ச வரம்பு வைக்கப்பட்டது. அன்றுமுதல் சோதிப்பவர்களின் வேலை எளிதாகவும் ஆயிற்று, பெருகவும் செய்தது. முன்பு ஒரு கம்பைலர் போதும். இப்போது வரம்பின் கீழ்முனையையும் மேல்முனையையும் இரண்டையும் பார்க்க வேண்டும். இடையில் உள்ளவற்றை விட்டுவிட்டாலும் பாதகமில்லை; இரு முனைகளை விடக் கூடாது.

மேல்முனையில் ஒரு நல்ல ஏற்பாடு நடந்திருக்கிறது. கெர்னல் இன்னும் நிலைப்படாத சில ரஸ்ட் வசதிகளைப் பயன்படுத்துவதால், கம்பைலரில் நடக்கும் மாற்றம் கெர்னலை உடைக்கக்கூடும். இதைத் தவிர்க்க, 2024 முதல் ரஸ்ட் திட்டத்தின் தானியங்கிச் சோதனைகளுக்குள்ளேயே கெர்னலின் ரஸ்ட் பகுதியைக் கட்டிப் பார்க்கும் ஒரு வேலை சேர்க்கப்பட்டிருக்கிறது. கம்பைலரை எழுதுபவர் தம் மாற்றம் கெர்னலை உடைக்கிறதா என்பதை அந்த மாற்றம் சேரும் முன்பே தெரிந்துகொள்கிறார். தலைமடையில் இருப்பவர் கடைமடையைத் தாமாகவே பார்க்கும் இந்த ஏற்பாட்டைக் கெர்னலின் எல்லாத் துணையமைப்புகளும் முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

பழைய பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று பதிப்புகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும்போது மட்டும் கவனமாக இருங்கள். தேடல் 6.11-க்குக் கீழே இறங்கினால், அங்கங்கே உரிய கம்பைலரை மாற்றிக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் கம்பைலர் பொருந்தாத தோல்வியைக் கெர்னலின் தோல்வி என்று எண்ணித் தவறான பேட்சைச் சுட்டிக்காட்டிவிடுவீர்கள். கம்பைலர் பொருந்தாத இடங்களைத் தோல்வி என்று குறிக்காமல், தாண்டிச் செல்லும்படி குறிக்க வேண்டும்.

வீட்டில் பழைய கணினியும் ஏஆர்எம் வகைச் சிறு பலகை ஒன்றும் இருக்கின்றன. ரஸ்ட் வந்ததால் இவற்றில் லினக்ஸ் ஓடாமல் போய்விடுமா?
– வாசகர், குளச்சல்

போகாது. ரஸ்டை அணைத்துவிட்டு இன்றும் கெர்னலைக் கட்டலாம். கருவிகளுக்கான சி டிரைவர்களும் நீக்கப்பட்டுவிடவில்லை. எல்லாச் செயலி (சிபியு) வகைகளிலும் ரஸ்ட் ஆதரவு ஒரே நாளில் வந்ததுமில்லை. 6.1-இல் 64-பிட் எக்ஸ்86 செயலிகளோடு தொடங்கி, 6.9-இல் 64-பிட் ஏஆர்எம், 6.10-இல் ரிஸ்க்-வி என்று படிப்படியாக விரிந்தது. உங்கள் ஏஆர்எம் பலகை 64-பிட் வகையென்றால் அதைச் சோதனைக்குப் பயன்படுத்துங்கள். பெரும்பாலானோர் எக்ஸ்86 மடிக்கணினியில் மட்டுமே சோதிக்கிறார்கள். நினைவகப் பக்கத்தின் அளவும் செயலி நினைவக வரிசையைக் காக்கும் முறையும் மாறும் இடங்களில்தான் மறைந்திருந்த பிழைகள் வெளிவருகின்றன.

எனக்குச் சி ஓரளவு தெரியும்; ரஸ்ட் தெரியாது. இந்தச் சோதனை வேலையில் நான் எப்படிச் சேரலாம்?
– பட்டதாரி, தோவாளை

ரஸ்ட் தெரியாமலே சேரலாம். விலையுயர்ந்த கருவிகளும் தேவையில்லை. கெர்னல் மூலத்துக்குள்ளேயே இருக்கும் கேயூனிட்டின் பைத்தான் நிரல், ரஸ்டை இயக்கும் தேர்வையும் செயலி வகையையும் சேர்த்துக் கொடுத்தால், கெர்னலைக் கட்டி, 'கியூஇஎம்யூ' மெய்நிகர் இயந்திரத்தில் ஓடவிட்டு, முடிவையும் பிரித்துக் காட்டிவிடும். சி பகுதிக்கான எல்எல்விஎம் கம்பைலரையும் ரஸ்டையும் பொருத்தமான இணையாகத் தேடி நிறுவுவது தொடக்கத்தில் கடினமாகத் தோன்றினால், கெர்னல்.ஆர்க் தளத்திலேயே இரண்டும் சேர்ந்த ஆயத்தத் தொகுப்புகள் கிடைக்கின்றன.

முதலில் லினக்ஸ்-நெக்ஸ்டை எடுத்துக்கொண்டு வாரம் இருமுறை கட்டிப் பாருங்கள். இன்டெல் நிறுவனத்தின் கெர்னல் சோதனை ரோபோ இதைப் பெரிய அளவில் செய்துவருகிறது. ஆனாலும் அதன் அமைப்புக் கோப்பும் உங்களுடையதும் ஒன்றாக இராது. அமைப்புக் கோப்பு வேறுபடும் இடத்தில்தான் உங்கள் உழைப்புக்கு மதிப்பு. கட்டுமானம் உடைந்தால், கடைசியாகச் சரியாக இருந்த நாளையும் உடைந்த நாளையும் வைத்து இடையில் உள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகத் தேடி, ஒரு பேட்சுக்குக் கொண்டுவாருங்கள். இதற்கு வேண்டியது பொறுமையும் ஒழுங்கும்தான். ரஸ்ட் இலக்கணம் வேண்டியதில்லை.

பின்பு அறிக்கை எழுதும்போது கெர்னலின் சரியான மாற்ற எண், ரஸ்ட் கம்பைலர், பைண்ட்ஜென், சி கம்பைலர் ஆகியவற்றின் பதிப்புகள், முழு அமைப்புக் கோப்பு, முதல் பிழைச் செய்தி ஆகியவற்றைத் தவறாமல் சேருங்கள். கடைசிப் பிழைச் செய்தியை அனுப்புபவர்கள் பலர். அது பெரும்பாலும் முதல் பிழையின் எதிரொலியாக இருக்கும். அறிக்கையைப் பேட்சை எழுதியவர், அந்தத் துணையமைப்பின் பராமரிப்பாளர், ரஸ்ட் பக்கத்தில் பட்டியலில் பெயருள்ளவர் ஆகிய மூவருக்கும் ஒரே மடலாக அனுப்புங்கள். தனித்தனியே அனுப்பினால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். திருத்தம் வந்ததும் அதையும் அதே அமைப்புக் கோப்பில் கட்டி, ஓடவிட்டு, சரியாயிற்று என்று பதில் எழுதுங்கள். அந்தப் பதில் வரும்வரை மறுமுனையில் ஒருவர் காத்திருப்பார்.